பி.காம். படித்தவன் போட்ட 13 மாசக் கணக்கு!

எனக்கு ஊர் சூலூர். கோயமுத்தூரிலிருந்து திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் தாண்டி வந்தால் எங்கள் ஊர். 'ஏர்ஃபோர்ஸ் இருக்குதே, அந்த சூலூரா?' என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதேதான் சாமி. சூரல் என்கிற செடி மண்டிக் கிடந்ததால் சூரலூர், அது தேய்ந்து சூலூர் ஆச்சு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழய்யா மட்டும், 'சூல் என்றால் கரு என்று ஒரு அர்த்தம் இருக்குதுடா' என்று சொல்லிவிட்டு, பெண்பிள்ளைகள் பக்கம் பார்த்து, பேச்சை மாற்றிவிட்டார்.

அதே வருஷம் சயின்ஸ் டீச்சர் செம்பருத்திப் பூவை நெடுக்கில் வெட்டிக் காட்டினார். சூலகம், சூல்தண்டு, சூல்முடி. படம் வரைந்து பாகங்களைக் குறித்ததில் எனக்கு அஞ்சுக்கு அஞ்சு. ஆக, செம்பருத்திக்கு சூலகம் எங்கே இருக்கிறது என்று எனக்கு 15 வயதிலேயே தெரியும். கட்டிய மனைவிக்கு எங்கே இருக்கிறது என்று தெரிய இன்னும் 22 வருஷம் ஆச்சு. அதுவும் ராத்திரி ரெண்டரை மணிக்கு!

விஷயத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரிக்கு அடிவயிற்றில் இடது பக்கம் வலி. விட்டு விட்டு வரும். வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு ரெண்டு நிமிஷம் நிற்பாள். அப்புறம் மறுபடி அடுப்பைப் பற்ற வைப்பாள். நான் இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, 'வாயுவா இருக்கும், ஓமவாட்டர் குடி' என்றும் சொல்லியிருக்கிறேன். (பி.காம். சிலபஸில் ஓமவாட்டர் இல்லை. ஆனாலும் வைத்தியம் சொல்லுகிற தைரியம் எப்படியோ வந்துவிடுகிறது.)

என் அம்மாவின் டயக்னோசிஸ் வேறு. "அம்மிணி, சூட்டு வலி கண்ணு அது. தொப்புள்ல வெளக்கெண்ணெ வெய்யி." எண்ணெய்க்கு அடங்கவில்லை என்றதும், "அப்பக் கொடலேத்தந்தான். கண்ணம்பாளையத்துல ஒருத்தர் வவுத்தத் தேச்சு எடுத்து உடறாராமா" என்று அடுத்த கட்டத்துக்குப் போனாள். நல்லவேளையாக அந்த வாரம் அவர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். உள்ளே கட்டி இருக்கிற வயிற்றை அழுத்தித் தேய்த்தால் கட்டி உடையலாம் என்று பின்னால் டாக்டரம்மா சொன்னபோது, முகம் தெரியாத அந்தக் கல்யாண மாப்பிள்ளையை மனசார வாழ்த்தினேன்.

ஸ்கேன் எடுத்தது என் ஏற்பாடு இல்லை. பக்கத்து வீட்டு அக்காவோடு பஸ் ஏறி அவளே போய் எடுத்துக்கொண்டு வந்தாள். ரிப்போர்ட்டில் 8 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. இடது சூலகம். 'டெர்மாய்டு சிஸ்ட்' என்று போட்டிருந்தது.

மறுநாள் நானும் கூடப் போனேன். டாக்டரம்மா பொறுமைசாலி. பேப்பரில் படம் போட்டு விளக்கினார். கர்ப்பப்பைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக ரெண்டு சூலகம். ஒவ்வொன்றும் கோவைக்காய் அளவு. மாசா மாசம் அதில் ஒரு முட்டை வளர்ந்து வெளியே வரும். வெளியே வராமல் தங்கிப் போனால் நீர் சேர்ந்து கட்டி மாதிரி நிற்கும். இந்த வகைதான் அதிகம். பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்தில் தானாகவே வற்றிப் போகும். ஆறெட்டு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்த்தால் போதும், கத்திக்கு வேலையில்லை.

"எங்க கொழுந்தியாளுக்கும் நீர்க்கட்டின்னு சொன்னாங்களே மேடம், அதுவும் ஆபரேஷன்தானா?" என்றேன், விஷயம் தெரிந்தவன் மாதிரி.

"அது பி.சி.ஓ.டி.யா இருக்கும். பேர்தான் நீர்க்கட்டி. வளராம நின்னுபோன சின்னச் சின்ன முட்டைப் பைங்க அது. உடற்பயிற்சி, எடை, மாத்திரைன்னு போற சமாச்சாரம். இது வேற. இது தானா போகாது."

டெர்மாய்டு என்பது பிறவியிலேயே விதை போட்டது. முட்டையாக வேண்டிய செல் ஒன்று வழிதவறிப் போய், கண்டதையும் உற்பத்தி செய்ய ஆரம்பிக்கிறது. உள்ளே கொழுப்பு இருக்கும், முடி இருக்கும். சில சமயம் பல் கூட இருக்கும்!

நான் 'ஙே' என்று விழித்தேன்.

"பயப்படாதீங்க. நூத்துக்கு ஒண்ணு ரெண்டு தவிர மத்ததெல்லாம் சாதுதான். ஆனா அஞ்சு சென்டிமீட்டருக்கு மேல போனா, அந்தக் கனத்துக்கு சூலகம் காம்போட முறுக்கிக்கலாம். முறுக்கினா ரத்த ஓட்டம் நின்னுடும். அப்ப மணிக்கணக்குலதான் டைம். அதனால நிதானமா ஒரு தேதி பாத்து எடுத்துடலாம். கட்டிய மட்டும் வெங்காயத் தொலி உரிக்கிற மாதிரி உரிச்சு எடுத்துட்டு, சூலகத்தை அப்படியே விட்டுடலாம்."

இவ்வளவு தெளிவாக எனக்கு காஸ்ட் அக்கவுண்டன்ஸியைக்கூட யாரும் சொல்லித் தரவில்லை.

* * *

இனிமேல் சொல்லப்போவது என் பெருமைக்கு உதவாத பகுதி.

நான் ஆபீஸ் போகிறவன் இல்லை. ரெண்டு மூணு விசைத்தறி முதலாளிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், மீதி நேரத்தில் இந்த மாதிரி எழுதுகிறேன். 'குரூப் இன்ஷூரன்ஸ்' என்கிற பாக்கியம் கிடையாது. சொந்தமாக ஒரு பாலிசி எடுத்து 11 மாசம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைப் பிரித்தேன். பொடி எழுத்தில், 24 மாசம் வரை எதெதற்குப் பணம் தர மாட்டோம் என்று ஒரு பட்டியல். கண்புரை, குடலிறக்கம், மூலம்... கீழே வந்தால் கர்ப்பப்பை, சூலகம் சம்பந்தப்பட்ட சாதாரணக் கட்டிகள்.

கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டபோது படிக்காதது நான். (ஆபீஸ் நண்பர்களே, கம்பெனி எடுத்துத் தருகிற குரூப் பாலிசியில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்புக் கிடையாது. இன்றைக்கே எச்.ஆர். ஆசாமியிடம் கேட்டு வையுங்கள். மனைவி பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.)

24-ல் 11 போனால் 13. ஒரு பேப்பரை எடுத்தேன். இடது பக்கம் 'இப்போது செய்தால்' என்று தலைப்பு. ஆபரேஷன், ரூம், மருந்து, நகைக்கடன் வட்டி. வலது பக்கம் '13 மாதம் கழித்துச் செய்தால்'. அந்தப் பக்கம் சைபர்! கூட்டிக் கழித்து அடியில் ரெண்டு கோடு போட்டு அவளிடம் காட்டினேன்.

பார்த்தாள். "அதுக்குள்ள ஒண்ணும் ஆவாதுங்களா?" என்றாள்.

"சாதுக் கட்டின்னு டாக்டரே சொல்லிட்டாங்கல்ல?"

டாக்டர் சொன்ன மீதியை நான் சொல்லவில்லை. அவளும் அதே ரூமில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவள்தான். ஆனாலும், "சரிங்க" என்றாள். கொங்குநாட்டு வீடுகளில் இந்த 'சரிங்க'வுக்கு எத்தனை அர்த்தம் என்று ஆராய்ச்சி செய்தால் டாக்டர் பட்டமே வாங்கலாம்.

கணக்கு நாலு மாசம்தான் தாங்கியது. ஒரு ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பினாள். சுவரைப் பிடித்துக்கூட நிற்க முடியவில்லை. இடது பக்கம் கத்தியால் குத்துகிற மாதிரி வலி, கூடவே வாந்தி. நான் பழக்க தோஷத்தில் ஓமவாட்டர் பாட்டிலைத் தேடினேன். "அது வேண்டாங்க... வண்டி..." என்றாள்.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் லுங்கியோடு வந்து ஆம்னி வேனை எடுத்தார். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். திருச்சி ரோட்டில் அந்த நேரத்துக்கு ஒரு ஈ காக்கை இல்லை. அப்படியும் ராமநாதபுரம் பாலம் வருவதற்குள் ஒரு யுகம் ஆன மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குள் டாக்டரம்மாவும் வந்துவிட்டார். படத்தைப் பார்த்தவர், "முறுக்கிக்கிச்சு" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

* * *

கவுன்ட்டரில் ஒரு பாரத்தை என்னிடம் நீட்டினார்கள். பென்சிலில் மூணு இடத்தில் டிக் அடித்து, "சார், இங்க, இங்க, இங்க." பேங்க்கில் போடுகிற மாதிரி பேனாவைத் திறந்தேன்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு குரல். "ஏனுங்க, என்னன்னு எழுதீருக்குது?"

படித்தேன். 'தேவைப்பட்டால் சூலகங்களையும் கருப்பையையும் அகற்ற முழு மனதுடன் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்திருந்தது.

"ரெண்டையுமா? கர்ப்பப்பையவுமா? கட்டி எடப்பக்கந்தானுங்களே?"

டூட்டி டாக்டர் பையன், "எல்லாருக்கும் இதே பாரம்தாங்க மேடம். டைம் இல்லீங்க" என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை. நானும், "போட்டுடலாம் கண்ணு, நேரமாகுது" என்றேன்.

"வயிறு என்றதுங்க" என்றாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கத்திச் சொல்லவில்லை. "டாக்டரம்மாவ வரச் சொல்லுங்க. ஒரு நிமிசம் போதும்."

டாக்டரம்மா வந்தார். கோபப்படவில்லை. அச்சடித்த வரியைக் கோடு போட்டு அடித்தார். அவள் கேட்கக் கேட்கக் கையால் எழுதினார். கட்டியை எடுக்கலாம். இடது சூலகத்தைக் காப்பாற்ற முடியவே முடியாது என்றால் மட்டும் அதையும் எடுக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய வேறு எதையும் தொடக்கூடாது. கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். வலியில் கோணலாக விழுந்த கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து மட்டும் என்னுடையது.

இப்படி ஒரு விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1995-ல் டில்லியில் சமீரா கோலி என்ற பெண்மணி. வயது 44, திருமணமாகாதவர். உள்ளே என்ன கோளாறு என்று லேப்ராஸ்கோப் வைத்துப் பார்க்க ஒரு கிளினிக்கில் சம்மதம் கொடுத்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோதே, வெளியே காத்திருந்த அவருடைய வயதான அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, கர்ப்பப்பை, ரெண்டு சூலகங்கள் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 'பார்க்க' என்று கொடுத்த சம்மதம் 'எடுக்க' என்று ஆகாது. சுயபுத்தியுள்ள மேஜர் பெண்ணின் சம்மதத்தை, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தாயாரே ஆனாலும் இன்னொருவர் கொடுக்க முடியாது. ஆபரேஷன் பீஸ் வாங்கக் கூடாது, அதோடு 25,000 ரூபாய் நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும் என்றது கோர்ட். நஷ்ட ஈட்டுத் தொகை என் கண்ணுக்குக் கொசுறு மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் சட்டம் சட்டம்தான்.

என் வீட்டுக்காரிக்கு இந்தத் தீர்ப்பு பற்றி ஒன்றும் தெரியாது. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

* * *

தியேட்டர் என்று ஏன்தான் பெயர் வைத்தார்களோ! டிக்கெட் வாங்கினவன் வெளியே, படம் உள்ளே. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனை நோண்டினேன். சும்மா இருந்தால் 13 மாசக் கணக்கு கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

சூலகக் கட்டிக்கு உலகத்தில் பேர் சொல்லும்படி நடந்த முதல் ஆபரேஷன் 1809 டிசம்பரில். அமெரிக்காவில் கென்டக்கி. ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற அம்மாளுக்கு வயிறு பெரிசாகிக்கொண்டே போனதில், இரட்டைப் பிள்ளை என்று நினைத்திருக்கிறார்கள். எஃப்ரைம் மெக்டவல் என்ற டாக்டர் பார்த்துவிட்டு, பிள்ளை இல்லை, கட்டி என்றார். அந்த அம்மாள் 60 மைல் குதிரையில் உட்கார்ந்து அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். மயக்க மருந்து? மூச்! ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்து காட்டியதே 1846-ல்தான். முழு நினைவோடு படுத்து, பக்திப் பாட்டுப் பாடிக்கொண்டே, 25 நிமிஷத்தில் பத்து கிலோவுக்குக் கட்டியை எடுக்க விட்டிருக்கிறார். அஞ்சாம் நாள் டாக்டர் போய்ப் பார்த்தால் நின்றுகொண்டு படுக்கையைத் தட்டிப் போடுகிறார்! 25 நாளில் ஊர் திரும்பி, 1842 வரை வாழ்ந்தார்.

எத்தனை ஊர் மாறினாலும் ஆபரேஷன் முடிந்த அஞ்சாம் நாள் படுக்கையைத் தட்டுவது பெண்கள்தான் போல.

சாவித்துவாரம் மாதிரி ஓட்டை போட்டு ஆபரேஷன் செய்வதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் குர்ட் செம், ஜெர்மனியில் கீல் நகரத்துப் பெண்கள் நல டாக்டர். 1980-ல் அவர் இந்த முறையில் குடல்வாலை எடுத்ததற்கு, இந்த ஆளை டாக்டர் தொழிலிலிருந்தே சஸ்பெண்ட் செய்யுங்கள் என்று சர்ஜன்கள் கொடி பிடித்தார்களாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அதே வித்தை நம்ம கோயமுத்தூருக்கே வந்துவிட்டது. 1990-களின் தொடக்கத்திலேயே டாக்டர் சி.பழனிவேலு இங்கே லேப்ராஸ்கோப்பிக் ஆபரேஷன்களை ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கு வெளிநாட்டு சர்ஜன்களே கோவைக்கு வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள்.

விட்டுவிட்டால் இந்தக் கட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2018-ல் நீலகிரியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கோவை தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எடுத்த சூலகக் கட்டி 33.5 கிலோ! பேப்பரில் பெரிசாக வந்த செய்தி. முன்பு ஒரு தரம் அதைப் படித்தபோது, 'அந்த வீட்டு ஆம்பளைங்க என்னத்தப் பாத்துட்டு இருந்தாங்க?' என்று டீக்கடையில் சத்தமாகக் கேட்டவன் நான்.

ஆறே முக்கால் மணிக்குக் கதவு திறந்தது.

"ரெண்டு சுத்து முறுக்கியிருந்தது" என்றார் டாக்டரம்மா. "கத்தரிப்பூ நிறத்துல இருந்துச்சு. முறுக்கைப் பிரிச்சு விட்டுட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். நிறம் திரும்பிடுச்சு. கட்டியை மட்டும் உரிச்சு, பையில போட்டு வெளிய எடுத்துட்டோம். சூலகம் அப்படியே இருக்கு."

'தேங்க்ஸ் மேடம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு ஏதோ சத்தம் வந்தது. அவர் கௌரவமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

* * *

மறுநாள் என் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மருமகள் வயிற்றில் நாலு சின்ன பிளாஸ்திரி மட்டும். ஆனால், "தோள்பட்டை வலிக்குதுங்க" என்றாள். அம்மாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. "ஏங்கண்ணு, ஆபரேசன் வவுத்துல. தோளெதுக்கு வலிக்கோணும்? தூக்கறப்பக் கீழ போட்டுட்டாங்களாட்ட இருக்குது!"

நர்சம்மா சிரித்துவிட்டார். வயிற்றைப் பலூன் மாதிரி உப்ப வைக்கக் கரியமில வாயு செலுத்துவார்களாம். அதில் மிச்சம் இருப்பது மேலே ஏறி உதரவிதானத்தை உறுத்தும். அந்த நரம்புக்கும் தோளுக்கும் ஒரே லைன். ரெண்டு மூணு நாளில் சரியாகிவிடும். ஆக, கடைசியில் 'வாயு' என்று நான் சொன்னது ஒரு வகையில் பலித்துவிட்டது. இந்த ஜோக்கை அவளிடம் சொன்னேன். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முறைத்தாள்.

கட்டியைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். மஞ்சளாகக் கொழுப்பு, நடுவே ஒரு கொத்து முடி, ஓரத்தில் அரிசி சைஸில் வெள்ளையாக ஒரு பல். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது யாரோ வெச்ச செய்வினைதான்" என்றாள். முட்டைச் செல்லுக்கு உடம்பில் எந்த உறுப்பாகவும் மாறத் தெரியும், அது தப்பான இடத்தில் வேலையைக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்று டாக்டரம்மா சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். அம்மா பாதி நம்பினாள். மீதிப் பாதிக்கு சுல்தான்பேட்டைப் பக்கம் ஒரு கோயிலில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாள். பழத்தால் தையலுக்குக் கெடுதல் இல்லை என்பதால் நான் தலையிடவில்லை.

வீட்டுக்காரி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "முடி நரைச்சிருக்குதுங்களா?"

கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பி ரிசல்ட் வர எட்டு நாள் ஆச்சு. நூற்றுக்கு ஒன்று ரெண்டு என்று டாக்டர் சொன்ன அந்த ஒன்று ரெண்டு, எட்டு ராத்திரியும் என் பக்கத்திலேயே படுத்திருந்தது. ரிப்போர்ட்டில் 'பினைன்' என்ற வார்த்தையைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் மற்றதைப் படித்தேன். சாதாக் கட்டிதான்.

ஆஸ்பத்திரி பில் எழுபதாயிரத்துச் சொச்சம். அவளுடைய நாலு பவுன் ஆரம் இப்போது கூட்டுறவு பேங்க் லாக்கரில் பத்திரமாக இருக்கிறது. மாசா மாசம் நான் போய் வட்டி கட்டிவிட்டு வருகிறேன்.

ஒன்றரை மாசத்துக்கு அவள் குடம் தூக்கக் கூடாது என்றார்கள். தண்ணி பிடிப்பது, வாசல் கூட்டுவது, மகளுக்குச் சடை பின்னுவது எல்லாம் என் டிபார்ட்மென்ட் ஆச்சு. மகளின் வலது சடை இடது சடையோடு ஒரு நாளும் டேலி ஆகவில்லை.

போன வாரம் பால்காரர் கணக்குக் கேட்டு வந்தார். பிரிட்ஜ் மேலே இருந்து ஒரு பேப்பரை எடுத்துப் பார்த்து, இந்த மாசத்துக்கு 28 லிட்டர் என்று சொன்னாள். அவர் போன பிறகு அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். முன் பக்கம் தேதிவாரியாகப் பால் கணக்கு, அவள் கையெழுத்தில். திருப்பினேன். 'இப்போது செய்தால்', '13 மாதம் கழித்துச் செய்தால்', அடியில் ரெண்டு கோடு.

"இதைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே?" என்றேன்.

"நல்ல பேப்பருங்க. பின்னால காலியாத்தான இருந்துச்சு?" என்றாள்.